தணல் ரொட்டியும் எள்ளுப்பொடியும்

இந்த அத்தியாயத்தில் வரும் சாப்பாட்டுக்குக் குசினி தேவையில்லை. மூன்று கல், ஓர் இரும்புத் தட்டு, கிடைத்தால் ஒரு கம்பி வலை, மா குழைக்க ஒரு பாத்திரம், ஒரு கை விறகு. இவ்வளவும் போதும். பொடியை முன்கூட்டியே வீட்டில் இடித்துப் போத்தலில் அடைத்துக்கொண்டால், போன இடத்தில் ரொட்டி சுடுவது மட்டும்தான் வேலை.

மன்னார்க் கரையில் வெளியில் அடுப்பு மூட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. மீன்பிடிக் காலத்தில் வாடியில் தங்குகிறவர்கள் மூட்டுகிறார்கள். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குப் போய் மரநிழலில் கூடாரம் அடிக்கிற குடும்பங்கள் மூட்டுகின்றன. மன்னாரின் தென்கரை ஊரான முள்ளிக்குளத்தாருக்கு இது விரும்பி வந்த பழக்கமல்ல. 2007 செப்டெம்பரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஊர் கடற்படையின் முகாமானது. திரும்பி வந்தவர்கள் பக்கத்து மலங்காட்டில் கொட்டில் போட்டுச் சமைத்தார்கள். 2017 மார்ச்சில் அவர்கள் தொடங்கிய காணி மீட்புப் போராட்டத்துக்குப் பிறகு, ஏப்ரல் 29 அன்று 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. இடம்பெயர்ந்தோருக்கு வந்த உலருணவில் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி இருந்தன. அந்தப் பட்டியலில் ஒரு பானைகூட இல்லாமல் சாப்பாடாக மாறக்கூடியது மா ஒன்றுதான். ஆகவே வன்னியிலும் மன்னாரிலும் ரொட்டியைப் பற்றிப் பேசும்போது அதை வெறும் பின்னேரப் பலகாரமாக நினைத்துப் பேச முடியாது.

ரொட்டி அப்படியொன்றும் பழைய சாப்பாடும் இல்லை. 1942 இல் பர்மா யப்பானியரிடம் விழுந்து அரிசி வரத்து நின்றபோதுதான் கோதுமை மா இலங்கையின் பங்கீட்டுக்குள் பெரிய அளவில் வந்தது. பிறகு அமெரிக்க உதவியாக வந்த மாவை எங்கள் பெரியவர்கள் ‘அமெரிக்கன் மா’ என்றே சொன்னார்கள். சில வீடுகளில் இன்னும் அந்தப் பெயர்தான். 1980 இல் திருகோணமலையில் பிறீமா ஆலை ஓடத் தொடங்கிய பின் மாவுக்குத் தட்டுப்பாடு குறைந்தது. ஆனால் அந்த மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைந்தது நாங்கள்தான். ரொட்டி மெதுமையாக வருவதும் அதனால்தான்.

மா குழைக்கும் முறை

நடுத்தர ரொட்டி எட்டுக்கு இந்த அளவு: கோதுமை மா 500 கிராம், புதிதாகத் திருவிய தேங்காய்ப்பூ 150 கிராம், உப்பு 8 கிராம், தண்ணீர் 220 முதல் 240 மில்லிலீற்றர். பேக்கிங் பவுடர் வேண்டாம். அதைப் போட்டால் ரொட்டி உப்பி, ஆறியதும் உதிரும்; நாக்கிலும் ஒரு சவர்க்காரச் சுவை நிற்கும்.

தேங்காய்ப்பூவையும் உப்பையும் முதலில் கையால் நன்றாகப் பிசறுங்கள். உப்பு பட்டதும் பூ பாலை விடும். அந்த ஈரத்தோடு மாவைச் சேர்த்து விரல் நுனியால் உரசிக் கலக்க வேண்டும். தேங்காயின் கொழுப்பு மாவின் மணிகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால், குழைக்கும்போது பசைத்தன்மை நீள நீள இழுபடாது. இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தண்ணீர் விட்டால் வருவது றப்பர். திருவலையில் திருவும்போது சிரட்டை வரை போகாதீர்கள். கறுப்புத் தோல் விழுந்தால் ரொட்டி கசக்காது, ஆனால் பல்லில் கடிபடும்.

தண்ணீர் கைச்சூட்டுக்குச் சற்று மேலான சூட்டில் இருக்கட்டும். ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று தடவையாக விடுங்கள். தேங்காய் முற்றலா இளசா என்பதைப் பொறுத்துத் தண்ணீர் கூடும் குறையும். கடைசி 20 மில்லிலீற்றரைக் கையில் வைத்துக்கொண்டு தீர்மானிப்பது நல்லது. குழைத்த மாவை விரலால் அமத்தினால் பள்ளம் மெல்ல மேலே வர வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. பத்து நிமிடம் அடித்துக் குழைக்கிற பராட்டா வேலை இதற்கு வேண்டாம். ஒன்று சேர்ந்ததும் விட்டுவிடுங்கள். ஈரத் துணியால் மூடி அரை மணித்தியாலம் வைத்தால் மா தானே இளகும்.

குரக்கன் மா வைத்திருப்பவர்கள் பாதிக்குப் பாதி கலக்கலாம். குரக்கனில் பசைத்தன்மை இல்லாதபடியால் அந்தப் பாதியைக் கொதிநீரில் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுப் பிறகுதான் கோதுமை மாவோடு சேர்க்க வேண்டும். தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். 2022 இல் கோதுமை மா விலை எகிறியபோது பலரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். விலை இறங்கிய பிறகும் எனக்கு இந்தக் கலவைதான் பிடித்திருக்கிறது: தணலில் சுடும்போது குரக்கனுக்கு வரும் வாசம் வெள்ளை மாவுக்கு வராது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உறைந்த தேங்காய்ப்பூ நன்றாகவே வேலை செய்யும். உலர்ந்த தூளென்றால் வெந்நீரில் ஊறவைத்து ஒட்டப் பிழிந்து போடுங்கள்.

தணல்

சுவாலையில் சுட்டால் வெளி கருகும், உள் மாவாகவே இருக்கும். நமக்கு வேண்டியது தணல். சிரட்டை இதற்கு மிகத் திறம். சீக்கிரம் பிடிக்கும், கால் மணித்தியாலத்தில் சாம்பல் பூத்த தணலாகும், புகை அடங்கிவிடும். பொச்சுமட்டை புகையும். அந்தப் புகை கருவாட்டுக்கு நல்லது, ரொட்டிக்கு அல்ல. பனை மட்டை மூட்டுவதற்கு மட்டும். பக்கென்று எரிந்து போய்விடும். முள்ளிக்குளத்துக்குத் தெற்கே வில்பத்துக் காடு தொடங்கிவிடுவதால் அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போகாதீர்கள், அது சட்டவிரோதம். வீட்டிலிருந்தே ஒரு சாக்குச் சிரட்டை கொண்டு போவது புத்திசாலித்தனம்.

காற்றைக் கவனிக்க வேண்டும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இல் 30 காற்றாலைகளை நட்டது சும்மா இல்லை. சோழகம் வீசுகிற மாதங்களில் திறந்த கரையில் தணல் ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் அணையும்; பொறியும் பறக்கும். மணலில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி அதற்குள் மூட்டுங்கள், காற்று வரும் பக்கம் கல்லை அடுக்குங்கள். முடிந்ததும் மணலால் மூடிவிட்டுப் போகாமல் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். மூடிய தணல் மணலுக்கடியில் மணிக்கணக்காகச் சூட்டோடு கிடக்கும். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளின் கால்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

தணலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடியுங்கள். நாலு எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டி வந்தால் சூடு சரி. இரண்டுக்குள் எடுத்தால் கொஞ்ச நேரம் பொறுங்கள்.

மாவை எட்டாகப் பிரித்து உருண்டையாக்கி, எண்ணெய் தொட்ட வாழையிலைத் துண்டில் வைத்துத் தட்டுங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த அகலம், அரைச் சென்ரிமீற்றர் தடிப்பு. ஓரம் நடுவை விடச் சற்று மெல்லியதாக இருக்கலாம், தடித்திருக்கக் கூடாது. உருளையால் உருட்டுவதை விடக் கையால் தட்டுவது நல்லது. தேங்காய்ப்பூ நசிபட்டு எண்ணெய் கக்காது. இலையோடு தூக்கித் தட்டின் மேல் கவிழ்த்து விடுங்கள். இலை பச்சை மாறிப் பழுப்புக்கு வரும்போது தானே கழன்று வரும், அவசரப்பட்டு இழுக்காதீர்கள். அடிப்பக்கம் ஒரு நிமிடம், திருப்பி ஒரு நிமிடம். மேல் தோல் காய்ந்து ஒட்டாத நிலைக்கு வந்ததும் தட்டிலிருந்து எடுத்துக் கம்பி வலைக்கு மாற்ற வேண்டும். பச்சை மாவை நேரே வலையில் போட்டால் கம்பிக்கிடையில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு பிய்த்துத்தான் எடுக்கலாம்.

வலையில் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். அங்கங்கே கறுப்புப் புள்ளி விழ வேண்டும். நடுவில் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்க வேண்டும். வலை இல்லாதவர்கள் தட்டிலேயே பக்கத்துக்கு மூன்று நிமிடம் வைத்து, கடைசியில் இடுக்கியால் பிடித்துத் தணலுக்கு மேலே ஓரங்களை வாட்டலாம். எடுத்த ரொட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் துணியில் சுற்றி வையுங்கள். முதல் ரொட்டி எட்டாவது ரொட்டி வரும் வரை அந்த ஆவியில் மெதுமையாகக் கிடக்கும்.

எள்ளுப்பொடி

ரொட்டிக்குக் கட்டைச் சம்பல் என்பது நாடறிந்த சோடி. அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்த சம்பல் வெயிலில் ஒரு நாள் தாங்காது. பொடி மூன்று கிழமை தாங்கும். பயணத்துக்கும் வாடிக்கும் ஏற்றது பொடிதான்.

விதைகளை வறுத்து இடித்து, எண்ணெயோடு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது உலகத்தில் பல இடங்களில் உண்டு. எகிப்தில் எள்ளு, மல்லி, நற்சீரகம், கொட்டைகளை இடித்து ‘துக்கா’ என்று வைத்திருப்பார்கள். ரொட்டியை ஒலிவ் எண்ணெயில் தோய்த்துப் பொடியில் ஒற்றிச் சாப்பிடுவார்கள். வட கர்நாடகத்தில் சோள ரொட்டிக்குப் பேயெள்ளுப் பொடியும் ஆளிவிதைப் பொடியும். தமிழ்நாட்டில் இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும். முள்ளிக்குளத்துக்குப் பக்கத்து மறிச்சுக்கட்டியில் 1905 இல் நடந்த பெரிய முத்துக்குளிப்புக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியச் சுழியோடிகள் வந்தார்கள் என்பதற்காக இந்தப் பழக்கத்தை அவர்கள் கணக்கில் எழுதிவிட வேண்டியதில்லை. ஹரப்பாவிலேயே கரிந்த எள்ளு மணிகள் கிடைத்திருக்கின்றன.

ஒரு சிறு போத்தலுக்கான அளவு: எள்ளு 100 கிராம், கோது நீக்கிய கச்சான் 50, மல்லி 30, நற்சீரகம் 10, மிளகு 5, செத்தல் மிளகாய் எட்டு முதல் பத்து, உப்பு 8 கிராம், கறிவேப்பிலை மூன்று நெட்டு. உள்ளி சேர்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. ஈரமுள்ள எதையும் நான் போட மாட்டேன். பொடியின் ஆயுள் பாதியாகும்.

எள்ளில்தான் எல்லாம் இருக்கிறது. நிலத்தில் போட்டு உதிர்த்து அள்ளுகிற பயிர் என்பதால் மண் வராமல் வராது. ஒரு நறுக்கு மணல் போதும், முழுப் பொடியும் கெட. அகன்ற பாத்திரத்தில் எள்ளைப் போட்டுத் தண்ணீர் நிறைய விட்டுக் கையால் ஒரு சுழற்று சுழற்றுங்கள். எள்ளு மேலே எழும்பும், மணல் கீழே தங்கும். மேலே நிற்பதை மட்டும் கண்ணறை நெருக்கமான வடியில் சாய்த்து எடுங்கள். கீழே எள்ளு கொஞ்சம் மிஞ்சும், அதை மீட்க ஆசைப்படாதீர்கள். திரும்பத் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை சுழற்றுங்கள். மூன்றாம் தடவை அடியில் விரலைத் தேய்த்தால் நறநறவென்று கேட்காது. பிறகு துணியில் பரப்பி நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். நனைந்த எள்ளைத் தாச்சியில் கொட்டினால் அவியும், பொரியாது.

கறுப்பு எள்ளுக்கு வாசம் கூட. ஆனால் அது வறுபட்டதா கருகியதா என்று நிறத்தில் தெரியாது. ஒரு தேக்கரண்டி வெள்ளை எள்ளை அதோடு கலந்து வறுங்கள். வெள்ளை மணி பொன்னிறத்துக்கு வந்தால் கறுப்பும் வந்துவிட்டது. காதையும் பயன்படுத்துங்கள்: நடுத்தரச் சூட்டில் மூன்று நாலு நிமிடத்தில் படபடவென்று வெடிக்கத் தொடங்கி, பிறகு சத்தம் குறையும். குறையத் தொடங்கும்போதே இறக்கி வேறு தட்டில் கொட்டுங்கள். தாச்சியில் விட்டு வைத்தால் அந்தச் சூட்டிலேயே கருகும். கருகிய எள்ளின் கசப்பை எந்தப் புளியும் எடுக்காது, கொட்டிவிட்டுப் புதிதாக வறுப்பதே வழி.

எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். இது சோம்பலில் விடப்படுகிற படி. மல்லிக்கு நாலைந்து நிமிடம் தேவை. நற்சீரகம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்றாகப் போட்டால் ஒன்று பச்சை, ஒன்று கரி. கச்சானை முதலில் வறுத்துத் தோலை உரசிச் சுளகில் புடைத்து வையுங்கள். பிறகு மல்லி, அதன் பின் மிளகும் நற்சீரகமும், பிறகு கறிவேப்பிலையைக் கையில் நொறுங்கும் வரை. செத்தல் மிளகாயை அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டில் போட்டுப் பிரட்டினால் போதும், வீடு முழுக்கத் தும்மாது. உப்பையும் அதே தாச்சியில் ஒரு கிளறு கிளறி ஈரம் போக்குங்கள், கல்லுப்பென்றால் கட்டாயம்.

நன்றாக ஆறிய பிறகே இடிக்க வேண்டும். எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய். சூட்டோடு உரலில் போட்டால் பொடியாகாமல் களியாகிவிடும். மிளகாயையும் உப்பையும் முதலில் இடியுங்கள். அடுத்தது மல்லி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை. அது தூளானதும் கச்சான், நாலைந்து இடி. எள்ளு கடைசி. அதில் பாதி உடைந்தால் போதும், மீதி முழு மணியாகவே பல்லில் படட்டும். கிரைண்டரில் செய்கிறவர்கள் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு செக்கன்.

கரையோர வீடுகளுக்கு ஒரு மாற்று: கூனிக்கருவாடு 25 கிராமைத் தலை தூசி நீக்கி மொறுமொறுப்பாக வறுத்து மிளகாயோடு சேர்த்து இடித்தால் பொடி வேறொரு தரத்துக்குப் போய்விடும். அப்போது உப்பைப் பாதியாகக் குறையுங்கள். இந்தப் பொடி ஒரு கிழமைக்கு மேல் வேண்டாம். தவக்காலத்தில் மச்சம் விடுகிற வீடுகளில் கூனி இல்லாத போத்தலைத் தனியாக அடையாளம் போட்டு வைத்தால் சண்டை வராது.

தொட்டுக்கொள்வது

இரண்டு மேசைக்கரண்டி பொடிக்கு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். கலந்து பத்து நிமிடம் வையுங்கள். மிளகாயின் உறைப்பும் நற்சீரகத்தின் வாசமும் எண்ணெயில்தான் கரையும், அதற்கு நேரம் வேண்டும். தேசிக்காய்ப் புளி விரும்பினால் சாப்பிடும்போது சில துளி. தேங்காயெண்ணெய் இங்கே சரிவரும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சரிவராது. 24 பாகைக்குக் கீழே போனதும் கட்டியாகித் தட்டில் வெள்ளையாக உறையும். குளிர் நாட்டுக்கு நல்லெண்ணெயே.

எண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர்கள் துவையலாக்கலாம். மூன்று மேசைக்கரண்டி பொடி, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, கொட்டைப்பாக்களவு பழப்புளி, இரண்டு சின்ன வெங்காயம். அம்மியில் தண்ணீர் தெளித்துத் தெளித்து இழுத்து அரைக்க வேண்டும். மிக்சியில் அரைத்தால் நுரைக்கும், சுவையும் மட்டம். அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே முடிக்க வேண்டியது இது.

ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் சூட்டோடு கையால் பியுங்கள். பிய்த்த ஓரம்தான் எண்ணெயையும் எள்ளையும் பிடிக்கும், வெட்டிய ஓரம் வழுக்கும். கூடக் குடிக்கப் பிளேன்ரீ, பனங்கட்டிக் கடியோடு. சீனி போட்ட பால் தேத்தண்ணீர் இந்த உறைப்போடு ஒட்டாது என்பது என் கட்சி; மறுக்கிறவர்கள் தாராளமாகக் குடிக்கலாம்.

போத்தல் காய்ந்ததாக இருக்கட்டும், கரண்டியும் அப்படியே. செய்த திகதியை ஒட்டி வையுங்கள். பழைய எண்ணெய் மணம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இன்னொன்று: எள்ளும் கச்சானும் சிலருக்குக் கடுமையாக ஒவ்வாது. மூச்சு முட்டும் அளவுக்கும் போகலாம். 2023 ஜனவரி முதல் அமெரிக்காவில் பொதி உணவுகளில் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் பந்தியில் அப்படியொரு சீட்டு ஒட்டுவதில்லை. ஆகவே புது ஆளுக்குத் தட்டை நீட்டுமுன் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள்.